ஜானகி மாமியிடம் போட்டோ கேட்டார்கள்

பழைய மத்தியான சீரியல்களைப் பற்றி யாராவது கண் கலங்கிப் பேசினால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். போன மாதம் உங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் அடையாறில் என் வீட்டுக்கு வந்தார்கள். அந்தக் காலத்துச் சீரியல் செட்டை அப்படியே திரும்பக் கட்டி, அதில் ஒரு வெப் சீரிஸ் எடுக்கப் போகிறார்களாம். "அந்த வெகுளித்தனம் மேடம், அதுதான் எங்களுக்கு வேணும்" என்றார் ஒருவர். காபியைக் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சீரியல்கள் ஓடியபோது இவர் தொட்டிலில் கிடந்திருப்பார். யாருடைய வெகுளித்தனத்தைச் சொல்கிறார்?

மயிலாப்பூர் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரே டைட்டில் பாட்டு கேட்கும், ஒரு வசனம்கூட விட்டுப்போகாமல் கோயில் குளம்வரை போய்விடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாட்டு கேட்டது வாஸ்தவம். ஆனால் பாதி வீடுகளில் டிவியை ஓடவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன வாரத்துக் காட்சி ஒன்றை எடிட்டிங்கில் தெரியாமல் இந்த வாரமும் சேர்த்து ஒளிபரப்பி விட்டார்கள். ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் அசோசியேட் டைரக்டராக இருந்தேன். கன்டினியூட்டி என் பொறுப்பு. நேற்று வலது கையில் இருந்த வளையல் இன்றும் வலது கையில்தான் இருக்கிறதா, அழுதுகொண்டே சமையலறைக்குள் போனவள் அழுதுகொண்டே வெளியே வருகிறாளா என்று பார்க்க வேண்டும். சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலையை விட்ட பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. ஆட்டோக்காரர் மீட்டர் போட்டால்கூட ஏன் போடுகிறார் என்று யோசிக்கிறேன்.

நீங்கள் புதிதாக உதவி இயக்குநர்களாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கேமரா, லைட் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். செட்டில் எந்தச் சந்தேகத்தை எங்கே வைத்துக் கேட்பது என்பதைப் பற்றி மட்டும் ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எங்கள் சீரியலில் ஜானகி மாமி என்று ஒரு பாத்திரம். பெரிய குடும்பம், ஆறு கஜப் புடவை, நாள் கிழமை என்றால் மடிசார், இரண்டு பக்கமும் மூக்குத்தி. வாய் திறந்தால் 'வாங்கோ', 'உக்காருங்கோ'தான். அந்த வேஷத்தில் நடித்தவர் தனம் அக்கா. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரைக் குடிசைகளில் பிறந்து வளர்ந்தவர். சபா நாடகங்களில் வேலைக்காரி வேஷம் கட்டிக்கொண்டிருந்தபோது, மேடையில் எதிரே நின்ற மாமிகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அந்தப் பேச்சைப் பிடித்துவிட்டார். கேமரா ஓடினால் மயிலாப்பூர். கட் சொன்னால், "இன்னாமா, இந்தச் சூட்டுல இம்மாம் பெரிய பொடவ சுத்தி வெச்சிக்கிறாங்கோ" என்பார். லைட்காரர்களுக்கெல்லாம் அவரை அவ்வளவு பிடிக்கும்.

அந்த நேரத்தில் ஆற்றங்கரையைக் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பப் போவதாகப் பேச்சு அடிபட்டது. தனம் அக்காவுக்குக் கணவர் இல்லை. ஒரே மகள், மயிலாப்பூரில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எங்கே போவது என்று பயந்து வீடு தேட ஆரம்பித்தார். ஒருநாள் ஷூட்டிங் முடிந்து வேஷத்தைக் கலைக்காமலே மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடிப் போர்ஷனைப் பார்க்கப் போனார். வாசலில் 'சைவர்களுக்கு மட்டும்' என்று போர்டு. அந்த வார்த்தைக்குச் சாப்பாட்டோடு ஜாதியும் சேர்த்து அர்த்தம் என்று சென்னையில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும். கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மாள், "ஜானகி மாமியா! உள்ள வாங்கோ, வாங்கோ" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாராம். அந்த அம்மாளின் கணவர் ஊர், பேர், குலம், கோத்திரம் எதுவும் விசாரிக்கவில்லை. தினமும் மத்தியானம் டிவியில் பார்க்கிற முகம்தானே, விசாரிக்க என்ன இருக்கிறது?

தனம் அக்கா எதையும் திருத்தவில்லை. "இன்னா செய்யச் சொல்ற? வூடு வேணும்ல?" என்றார் என்னிடம். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் ஜானகி மாமிதான். கீழே இறங்கும்போது 'வரேன் மாமி', மாடியேறும்போது 'அப்பாடா, என்ன வெயில்'. வேஷம் போனால் வீடும் போய்விடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. அவர் நிலையில் இருந்திருந்தால் எனக்கும் இருந்திருக்கும்.

இனி போட்டோ விஷயம். இந்தக் காலத்தில் எப்படியோ தெரியாது, எங்கள் நாளில் கதாநாயகி நின்றுவிட்டால் 'இவருக்குப் பதில் இவர்' என்று கார்டு போடுவார்கள். மற்றவர்களுக்கு அந்த மரியாதை கிடையாது. அவர்களைச் சாகடித்து, ஹாலில் படம் மாட்டி, மாலை போட்டுவிடுவார்கள். அதனால் செட்டில் யாரிடமாவது "பெரிய சைஸ்ல, சிரிச்ச மொகமா ஒரு தனிப் போட்டோ கொண்டு வாங்க" என்று சொன்னால் போதும். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். அவருக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று எல்லோருக்கும் விளங்கிவிடும்.

எங்களுடைய ஷூட்டிங் பங்களா கொட்டிவாக்கத்தில் இருந்தது. தனம் அக்கா பஸ்ஸில்தான் வருவார். பஸ்ஸில் பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ரெண்டாவது மருமகளை நம்பாதீங்க மாமி" என்று புத்தி சொல்வார்கள். அவர் மாமி மாதிரியே பதில் சொல்லி, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டு, வெயிலில் திரும்ப நடந்து வருவார். வந்ததும் டைரக்டரிடம் திட்டு வாங்குவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் மேனேஜரிடம், போகவர ஒரு கார் வேண்டும் என்று கேட்டுவிட்டார். "பாக்கலாம்க்கா" என்று மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் அதே மேனேஜர், மேக்கப் அறையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "தனம் அக்கா, பெரிய சைஸ்ல ஒரு போட்டோ வேணும். பட்டுப்பொடவையில, சிரிச்ச மொகமா. சாப்பாட்டு பிரேக்குக்குள்ள குடுத்துடுங்க."

உங்கள் கம்பெனி ஆள் கேட்ட வெகுளித்தனம் இதுதான் போலிருக்கிறது. மேக்கப்காரர் கையிலிருந்த பஃப்பைக் கீழே வைத்தார். ரெண்டாவது மருமகளாக நடித்த பெண் எழுந்து வந்து, காரணமே இல்லாமல் தனம் அக்காவைக் கட்டிக்கொண்டாள். டிபன் பரிமாறியவர் கேட்காமலே இன்னொரு வடை வைத்தார். உயிரோடு இருக்கும்போதே துக்கம் விசாரித்துவிட்டார்கள்.

தனம் அக்கா என்னை மாடிப்படிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். பவுடருக்கு அடியில் முகம் வெளுத்திருந்தது.

"இன்னாமா இது? என்னைப் போட்றப் போறாங்களா?"

"எனக்குத் தெரியலைக்கா. ஸ்கிரிப்ட்ல ஒண்ணும் இல்லை."

"ஸ்கிரிப்டு இன்னா ஸ்கிரிப்டு, காலீல எழுதி மத்தியானம் எடுக்கறாங்கோ. நான் போய் அவன் கைல சொல்லிட்றேன். காரும் வோணாம் ஒண்ணும் வோணாம், பஸ்லயே வந்துக்கறேன்னு. ஜானகி மாமி செத்துட்டா அந்த வூட்டுல இன்னான்னுமா இருக்கறது? அடுத்து எவனாவது கருவாடு விக்கிற வேசம் குடுப்பான். அத்த அந்த ஐயர் டிவில பாத்தார்னா?"

சொல்லும்போதே அழுதுவிட்டார். ஆனால் அழுகிற நேரத்தில்தான் என் சந்தேகம் நன்றாக வேலை செய்யும். இது என் சுபாவம், நல்லதோ கெட்டதோ. நேற்று கார் கேட்கிறார், இன்று போட்டோ கேட்கிறார்கள். நடுவில் ஒரு ராத்திரிதான். எங்கள் கதாசிரியர் ஒரு கல்யாணத்தை நிச்சயம் பண்ணவே ஒரு மாதம் எடுத்துக்கொள்பவர். ஒரே ராத்திரியில் ஒருவரைக் கொல்கிற சுறுசுறுப்பு அவருக்கு ஏது?

"அக்கா, மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தையும் பேசாதீங்க. சாப்பாட்டு பிரேக் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க" என்றேன்.

நேராகக் காஸ்ட்யூம் அறைக்குப் போனேன். எங்கள் காஸ்ட்யூமரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சீரியலில் சாவு வந்தால் முதலில் தகவல் போவது அவருக்குத்தான். சாவு வீட்டில் நிற்கிற அத்தனை பேருக்கும் சாயம் போன புடவை எடுத்து வைக்க வேண்டுமே. பாய் தைத்துக்கொண்டே, "நமக்கு ஒண்ணும் சொல்லலையேம்மா. ஜானகி மாமிக்கு அடுத்த ஷெட்யூலுக்கு ரெண்டு ப்ளவுஸ் தைக்கச் சொல்லிருக்காங்க" என்றார். சாகப்போகிறவருக்கு யார் புது ப்ளவுஸ் தைப்பார்கள்?

ஆக இது மேனேஜர் வேலை. சாகடிக்கப் போகிறோம் என்று அவர் வாயால் சொல்லவே இல்லை. போட்டோ மட்டும் கேட்டார். பாக்கியைத் தனம் அக்காவே நினைத்துக்கொண்டு, கார் வேண்டாம் என்று தானாகவே வந்து காலில் விழுவார். இனி ஜென்மத்துக்கும் எதுவும் கேட்க மாட்டார். நாளைக்கு யாராவது கேட்டால், "நான் என்ன சார் சொன்னேன், போட்டோதானே கேட்டேன்" என்று கையை விரித்துவிடலாம்.

கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் என்ன செய்வது? நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. நேரே டைரக்டரிடம் போய், "சார், ஜானகி மாமியைக் கொல்லப் போறீங்களா" என்று கேட்டிருக்கலாம். அவர் வாரக்கடைசியில் கதை தீர்ந்துபோய்த் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர். "அட, நல்லாயிருக்கே" என்று சொல்லிவிட்டால்? என் கேள்வியே தனம் அக்காவுக்கு எமனாகிவிடும். மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டால் அவர் வீம்புக்காகவே நிஜமாக்கிவிடுவார். சும்மா இருந்தால் பிரேக்கில் தனம் அக்கா அவர் காலில் போய் விழுவார். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம். வாட்சைப் பார்த்துக்கொண்டே ஹாலுக்கு நடந்தேன்.

ஹாலில் டைரக்டர், கேமராமேன், மேனேஜர் எல்லோரும் இருந்தார்கள். நான் பேடும் பேனாவுமாகப் போய், தினமும் கேட்கிற குரலில் கேட்டேன். "சார், ஜானகி மாமியோட போட்டோ எந்தப் பொடவைல வேணும்? பாய் எடுத்து வைக்கணும்."

"என்ன போட்டோ?" என்றார் டைரக்டர்.

நான் மேனேஜரைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். மிரட்டுவதற்காகக் கேட்டேன் என்று அவரால் சொல்ல முடியாது. சாவுக்குக் கேட்டேன் என்றும் சொல்ல முடியாது, டைரக்டரைக் கேட்காமல் கதையில் கை வைத்தாயா என்று அவர் எகிறுவார். மேனேஜர் இழுத்தார்.

"அது வந்து சார்... அறுபதாம் கல்யாணம். அம்பி மாமாவுக்கு அறுபது ஆகுதில்ல? பத்திரிகைல போட, ரெண்டு பேர் போட்டோவும்..."

அம்பி மாமா என்பது கதையில் ஜானகி மாமியின் கணவர். டைரக்டர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"அம்பி மாமாவுக்கு அறுபது ஆகுதுன்னு யாருய்யா சொன்னது?"

"ஆகலாம்ல சார்..."

"ஆகலாம்" என்றார் டைரக்டர். பிறகு துள்ளி எழுந்தார். "ஆகலாம்யா! ஏன்யா இத்தனை நாளா எவனுக்கும் தோணல? ரைட்டரைக் கூப்பிடு!"

ஜானகி மாமிக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது அப்படித்தான். பந்தக்கால் நடுவதில் ஆரம்பித்து, சம்பந்தி சண்டை, காணாமல் போன திருமாங்கல்யம் என்று வாரக்கணக்கில் இழுத்தார்கள். டைரக்டர் பின்னாளில் எல்லாப் பேட்டிகளிலும் அதைத் தன்னுடைய யோசனை என்றே சொன்னார். தனம் அக்காவுக்குக் காரும் வந்தது. காலில் லைட்டுப் பெட்டிகள் இடிக்கும், மடியில் யாருடைய மேக்கப் பெட்டியாவது இருக்கும். ஆனாலும் கார்.

தனம் அக்கா மட்டும் கடைசிவரை நம்பவில்லை. பத்திரிகைக்கென்று அவர் கொடுத்த போட்டோவில், பக்கத்தில் மேனேஜரும் நின்றுகொண்டிருந்தார். எப்படியோ அவரைக் கூப்பிட்டு நிற்கவைத்து எடுத்திருக்கிறார். எல்லோர் முன்னாலும் அதை மேனேஜர் கையில் கொடுத்து, "இந்தா நைனா. மாலை கீலை போட்றதா இருந்தா ரெண்டு பேருக்கும் சேத்துப் போடு" என்றார். செட் சிரிப்பில் குலுங்கியது. மேனேஜரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். தாலி கட்டுகிற காட்சி எடுக்கிற அன்று காலையில், பங்களா வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மயிலாப்பூர் வீட்டுக்கார அம்மாள், தட்டில் பட்டுப்புடவை, பூ, பழம் எல்லாம் வைத்துக்கொண்டு இறங்கினார். ஜானகிக்குச் சீர் கொண்டு வந்திருக்கிறாராம்.

தனம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். செட் முழுக்க அவரைத் தனம் என்று கூப்பிடுகிறவர்கள். லைட்காரர் ஒருவர் மேலே ஏணியிலிருந்து, "இன்னா தனம், கல்யாணப் பொண்ணு, பிரியாணி உண்டா?" என்று கத்தப் போகிற ஆள். நான் ஓடினேன். ஒவ்வொருவர் காதிலும் சொன்னேன். இன்றைக்கு யாரும் தனம் என்று கூப்பிடக்கூடாது, வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும், சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. மத்தியானம்வரை மொத்த யூனிட்டும் நடித்தது. ஏணிமேல் இருந்தவர், "மாமி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கோ" என்றார். கேமராவுக்கு முன்னால் யாரும் அன்றைக்கு அவ்வளவு நன்றாக நடிக்கவில்லை.

எனக்கு அந்த அம்மாள் மேல் சந்தேகமாகவே இருந்தது. ஷூட்டிங் பார்க்க வருகிறவர்கள் கேமராவைப் பார்ப்பார்கள், நடிகர்களைப் பார்ப்பார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, எல்லாரும் எதுக்கு இப்படிப் பயந்துண்டு பேசறேள்?"

"அப்படியெல்லாம் இல்லையே மாமி."

"நேக்குத் தெரியும்மா. குடி வந்த மாசமே தெரியும். அவ ஆத்துல இருக்கற நாள்ல, மத்தியானம் கீழ டிவியில ஜானகி பேசிண்டிருப்பா. மாடியில அதே குரல் பொண்ணை 'இன்னாடி'ன்னு திட்டிண்டிருக்கும். ஒரே குரல், ரெண்டு பேச்சு. எனக்கென்ன காது இல்லையா?"

"அப்புறம் ஏன் மாமி ஒண்ணும் சொல்லலை?"

"எனக்குத் தெரியும்னு ஆயிட்டா அவருக்கும் தெரிஞ்சாகணும். அவருக்குத் தெரிஞ்சா ஒரு நாள் வெச்சுக்க மாட்டார். அதுக்கு எனக்குத் தெரியாமலே இருக்கட்டுமே. நீயும் சொல்லிடாதே. சொன்னா அவ கூசிண்டு தானாவே காலி பண்ணிடுவா."

நல்ல மனசா, இல்லை நல்ல குடித்தனக்காரரை விட மனசில்லையா என்று அப்போதும் என் புத்தி கணக்குப் போட்டது. அதற்குள் ஷாட் முடிந்து தனம் அக்கா மடிசாரில் வந்து நின்றார். "மாமி, நன்னா இருக்கா?" என்று கேட்டார். "ரொம்ப நன்னா இருக்குடி ஜானகி" என்றார் அந்த அம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நகர்ந்துவிட்டேன்.

சீரியல் முடிந்தது. அந்த வீட்டு ஐயர் காலமானார். அதற்குப் பிறகும் தனம் அக்கா அதே மாடியில்தான் இருந்தார். வீட்டுக்கார அம்மாள் படுக்கையில் விழுந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டதும் அவர்தான். அந்த அம்மாள் போன பிறகு மகளோடு வேளச்சேரிக்குப் போய்விட்டார்.

இதை உங்களுக்காக எழுதி முடித்ததும், அவரைக் கேட்காமல் கொடுக்க மனம் வரவில்லை. போன வாரம் போனில் முழுதும் படித்துக் காட்டினேன். அந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும் என்ற இடம் வந்ததும், அழப்போகிறார் என்று நினைத்து நிறுத்தினேன்.

"படி, படி" என்றார் தனம் அக்கா. "எனுக்குத் தெரியும்மா."

"என்னக்கா தெரியும்?"

"அவங்களுக்குத் தெரியும்னு எனுக்குத் தெரியும். நான் மாடில கத்தும்போதெல்லாம் கீழ டிவி சவுண்டு ஏறும். ஐயர் காதுல வுழக்கூடாதுன்னு அந்தம்மா ஏத்தி வெப்பாங்க. தெனிக்கும் அதே கதைதான். இது கூடவா புரியாது?"

இத்தனை வருஷம் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கிய எனக்கு இது தோன்றவே இல்லை.

"சரிக்கா, ஐயர் போன பிறகாவது சொல்லியிருக்கலாமே. வீட்டுல நீங்க ரெண்டு பேர்தானே. கடைசி வரைக்கும் ஏன் அவங்ககிட்ட ஜானகி மாமியாவே பேசினீங்க?"

தனம் அக்கா சிரித்தார்.

"எதிர்ல ஒர்த்தர் அவ்ளோ நல்லா நடிச்சிக்கினு இருக்கும்போது, நான் மட்டும் எப்டிமா பாதில வுட்டுட்டுப் போறது?"